சென்னை வெயிலில் ஆக்சலாட்டல் தொட்டியைக் குளிராக வைத்திருக்க

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுக்கச் செவுளோடு தண்ணீருக்குள்ளேயே வாழும் ஒரு சாலமாண்டர், அதாவது நீர்நில வாழ்வன வகை. அதற்கு 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் சரி. 20 வரை ஒன்றும் ஆகாது. 22க்கு மேல் போனால் அதற்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, 24க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் சாப்பாட்டை மறுப்பது, செவுளில் பஞ்சு மாதிரி பூஞ்சை பிடிப்பது, அப்புறம் சாவு என்று வரிசையாக நடக்கும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் சும்மா வைத்த தண்ணீர் 31, 32 டிகிரியில் நிற்கும், ராத்திரியிலும் பெரிதாக இறங்காது, ஏனென்றால் அக்னி நட்சத்திரத்தில் விடியற்காலை வெப்பமே 28 பக்கம்தான். ஆக, நாம் இறக்க வேண்டியது ஒன்றிரண்டு டிகிரி கிடையாது, பதின்மூன்று பதினான்கு டிகிரி. இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ கனடாவிலோ கோடையில் 24க்கு ஏறிவிட்ட தொட்டியை 20க்குக் கொண்டுவருவதற்காக எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் வேலைக்கு ஆகாது, சில சமயம் எதிர்மாறாகவும் போகும்.

இது மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரி, கால்வாய்களில் வாழ்கிற உயிர். மெக்சிகோ என்றதும் வெயில் ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், நம் ஊட்டியின் உயரமும் அதுதான். ஊட்டிக் குளிரில் இருக்க வேண்டியதை நாம் கடலோர ஊரில் மாடி வீட்டில் வைத்திருக்கிறோம். அதன் உடம்புக்கென்று தனி வெப்பம் கிடையாது, தண்ணீர் எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடு. தண்ணீர் சூடாக ஆக அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், ஆனால் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனோ குறையும். 18 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9.5 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5தான். அம்மோனியாவும் சூட்டில் கூடுதல் விஷமாகிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதே சூடு கொண்டாட்டம். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து அடிப்பதால்தான் இரண்டு நாள் முன்பு நன்றாக இருந்தது இன்றைக்குக் கவிழ்ந்து கிடக்கிறது.

முதலில் தெர்மாமீட்டர். கண்ணாடியில் ஒட்டுகிற பட்டை வேண்டாம், அது பாதி அறையின் வெப்பத்தைக் காட்டும். வயரின் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள், அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. சென்சாரைத் தொட்டியின் அடிப்பக்கத்தில், அது வழக்கமாகப் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். காலையில் பார்த்துவிட்டு நிம்மதியாக ஆபீஸ் போய்விடக் கூடாது, தண்ணீர் மெதுவாகச் சூடேறும், வெளியே வெயில் உச்சிக்கு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் தொட்டி உச்சிக்கு வரும். மாலை ஐந்து ஆறு மணிக்கு என்ன காட்டுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான நிலவரம்.

குளிரவைக்கிற கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மேற்குச் சுவரை ஒட்டிய இடம், ஜன்னல் ஓரம், ஃப்ரிட்ஜுக்குப் பக்கம், இவை நான்கும் ஆகாது. வடக்குப் பக்கத்து அறையில், தரைக்குப் பக்கமாக, உள்சுவரை ஒட்டி வையுங்கள். தொட்டி விளக்கைக் கோடை முழுக்க அணைத்தே வைக்கலாம், ஆக்சலாட்டலுக்கு இமை கிடையாது, இருட்டுதான் அதற்குப் பிடிக்கும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டாரை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. அது தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுதும் வெப்பமாகத் தண்ணீரிலேயே இறங்குகிறது, 20 வாட் மோட்டார் என்றால் அது 20 வாட் ஹீட்டர்தான். அதைத் தூக்கிவிட்டு, வெளியே உட்காரும் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். நீரோட்டமும் குறையும், அதுவும் அதற்கு நல்லது.

அப்புறம் தெர்மாகோல். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷீட்டை அளவாக வெட்டி பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடி என நான்கையும் மூடிவிடுங்கள், முன்பக்கத்துக்கு எடுத்து மாட்டுகிற மாதிரி ஒன்று வைத்துக்கொண்டு நீங்கள் பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் கழற்றுங்கள். வெறும் கண்ணாடி வழியாக வரும் சூட்டில் பெரும்பகுதியை இது நிறுத்திவிடும். எதற்குச் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் இதற்குச் செய்யுங்கள், இதைவிட மலிவாக எதுவும் இந்த அளவுக்கு உதவாது. தொட்டி நிரம்பி இருக்கும்போது அடியில் ஷீட் செருக முடியாது, ஆகவே தொட்டி வைக்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும்.

இப்போது ஃபேன். தண்ணீர் மேல் காற்றடித்தால் ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். ஒரு லிட்டர் ஆவியானால் 100 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய ஆறு டிகிரிக்குச் சமமான வெப்பம் போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு ஒரு தரைமட்டம் உண்டு, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருந்தால் அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது. அந்த மட்டம் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். தெர்மாமீட்டர் சென்சாரில் ஈரமான பருத்தித் துணியைச் சுற்றி, ஓடும் ஃபேனுக்கு முன்னால் பத்து நிமிஷம் தொங்கவிடுங்கள். எந்த எண்ணில் இறங்கி நிற்கிறதோ, நீங்கள் எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. சென்னையில் கோடையில் அது 26, 27 என்று காட்டும். கோயம்புத்தூர், சேலம் மாதிரி காய்ந்த காற்று உள்ள ஊர்களில் இன்னும் சில டிகிரி குறைவாகக் காட்டலாம், அங்கேயும் 18 வராது. ஆக, ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ஃபேன் வாங்கி நான்கைத் தொட்டி மேல் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால், இந்த ஈரத்துணிச் சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

ஐஸ் பாட்டில் பற்றியும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு லிட்டர் பாட்டிலில் உறைந்த தண்ணீர் முழுதும் உருகித் தொட்டியின் வெப்பத்துக்கு வரும்போது 100 லிட்டர் தண்ணீரைச் சுமார் ஒரு டிகிரி இறக்கும். அவ்வளவுதான். 31லிருந்து 18க்குக் கொண்டுவர மட்டும் பதின்மூன்று பாட்டில் வேண்டும், அங்கேயே பிடித்து வைக்க, தெர்மாகோல் இல்லாத தொட்டியாக இருந்தால், ஒரு நாளைக்கு இன்னும் இருபது பாட்டில் பக்கம் போகும் என்று என் கணக்கு. வீட்டு ஃப்ரீசர் இட்லி மாவையும் மீனையும் வைத்துக்கொண்டு தினம் இருபது லிட்டரை உறையவைக்காது. அதனால் பாட்டில் என்பது அவசரத்துக்கும் கரண்ட் போகும் நேரத்துக்கும் மட்டும். ஐஸ் கட்டியை நேரடியாகத் தண்ணீரில் கொட்டுவது கூடாது, குழாய்த் தண்ணீரில் செய்த ஐஸில் குளோரின் இருக்கலாம், ஓரிடத்தில் மட்டும் திடீரென்று கடுங்குளிராகவும் ஆகும். பாட்டிலையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காத மாதிரி. சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று இறக்குவதும் அதற்கு அடிதான்.

ஏசி அறை உள்ளவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏசி அறையைக் குளிரவைப்பதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், ஆகவே வெளியே பயன்படாத அதே ஃபேன் ஏசி அறைக்குள் நன்றாக வேலை செய்யும். அறை 22 டிகிரியில் இருந்தால், தொட்டியின் மூடியை எடுத்துவிட்டுக் கொசு வலை மாதிரி வலை போட்டு மேலே ஒரு ஃபேன் ஓடவிட்டால் தண்ணீர் 19, 20க்கு வந்து நிற்கும். தண்ணீர் தினமும் குறையும், குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். ஆனால் ஏசி நாள் முழுக்க ஓட வேண்டும். ராத்திரி மட்டும் போட்டுவிட்டுப் பகலில் அணைத்தால் தண்ணீர் தினமும் 22க்கும் 29க்கும் நடுவே ஊசலாடும், அது ஆக்சலாட்டலை மெல்ல மெல்லக் கொல்லும். 24 மணி நேர ஏசி என்றால் இரண்டு மாத கரண்ட் பில் எந்த ஸ்லாபுக்குப் போகும் என்பதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பில்லை நான்கைந்து மாதம் கட்டுவதற்குப் பதில் சில்லர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. சில்லர் என்றால் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் கருவி, நான் சொல்வது உள்ளே கம்ப்ரசர் உள்ளதை. கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிரவைக்கும் பெல்டியர் வகைச் சின்னச் சில்லர்களும் மலிவாகக் கிடைக்கும், அவை குட்டித் தொட்டியில் சில டிகிரி இறக்கும், சென்னை மே மாதத்துக்குத் தாங்காது. கம்ப்ரசர் சில்லர்கள் 1/10, 1/6, 1/4 குதிரைத்திறன் என்று வரும். பெட்டியில் இத்தனை லிட்டர் வரை என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அந்த எண் பெரும்பாலும் நம்மைவிடக் குளிர்ந்த அறையை நினைத்துப் போட்டது. வெளியே 34, உள்ளே 18 வேண்டும் என்று கடையில் தெளிவாகச் சொல்லி, அவர்கள் சொல்வதற்கு ஒரு அளவு பெரியதாக எடுங்கள். சின்னது வாங்கினால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்டும் போகும், கம்ப்ரசரும் சீக்கிரம் போகும்.

வைக்கும் இடம் ரொம்ப முக்கியம். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தன் பின்னாலோ பக்கத்திலோ அறைக்குள்தான் ஊதுகிறது, அதோடு தன் சொந்த வெப்பத்தையும் சேர்த்து. தொட்டிக்குக் கீழே உள்ள மர அலமாரிக்குள் அழகாக மூடி வைத்தால் அதே சூடான காற்றை அதுவே திரும்ப உள்ளிழுக்கும், அரை நாளில் திணறிவிடும். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி வேண்டும், பால்கனிக்கோ அடுத்த அறைக்கோ அந்தக் காற்று போகிற மாதிரி இருந்தால் பிரமாதம். பைப் நீளத்தைக் குறைத்து, ஏசி பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோம் குழாயை அதன் மேல் மாட்டுங்கள். சில்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்பை அதன் கையேட்டில் சொன்ன அளவில் வாங்குங்கள், திரும்பி வரும் தண்ணீரைச் சின்னச் சின்ன ஓட்டை போட்ட குழாய் வழியாகக் கண்ணாடியைப் பார்த்து விடுங்கள். இது தேங்கிய தண்ணீரில் வாழும் உயிர், நாள் முழுக்க நீரோட்டம் முகத்தில் அடித்தால் செவுளை முன்னால் மடக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடும். பம்ப் உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்ட மறக்காதீர்கள். பழைய ஃப்ரிட்ஜுக்குள் குழாயைச் சுருட்டிவிட்டுச் சில்லர் செய்யலாம் என்று வீடியோக்கள் உண்டு, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் அப்படித் தொடர்ந்து வெப்பம் எடுப்பதற்குச் செய்ததில்லை, பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தைச் சரியாகக் கடத்தவும் கடத்தாது. அதற்காகச் செம்புக் குழாய் போட்டால் செம்பு தண்ணீரில் கரைந்து விலங்கையே கொன்றுவிடும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சில்லர் போட்ட பிறகு ஃபேனை அணைத்துவிடுங்கள். நிறையப் பேர் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் இன்னும் குளிரும் என்று நினைக்கிறார்கள். ஈரத்துணிச் சோதனையில் வந்த எண்ணை நினைத்துப் பாருங்கள், உங்கள் தண்ணீர் இப்போது அதற்கும் கீழே 18ல் இருக்கிறது. இந்த நிலையில் மேலே அடிக்கும் சூடான ஈரக் காற்று தண்ணீரைக் குளிரவைக்காது, சூடேற்றும், சில்லர் எடுத்ததை ஃபேன் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். (ஏசி அறையில் இந்தப் பிரச்சினை இல்லை.) மேலேயும் தெர்மாகோல் மூடி போட்டு, காற்றுப் போக ஓரமாகக் கொஞ்சம் இடம் விட்டு, உள்ளே ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பில் மாட்டினால் காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிடுங்கள். 

அதே ஈரத்தால் இன்னொரு தொல்லை வரும். 18 டிகிரிக் கண்ணாடியில் சென்னைக் காற்று பட்டால் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வேர்த்து ஊற்றும், ஸ்டாண்டு பிளைவுட்டாக இருந்தால் ஒரே கோடையில் உப்பிப்போகும். தெர்மாகோலை இடைவெளி இல்லாமல் ஒட்டினால் இது வெகுவாகக் குறையும், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு துணி வைத்துத் தினமும் பிழியுங்கள், இரும்பு ஸ்டாண்டுதான் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே தரையில் போடவே போடாதீர்கள், சுவரில் உயரமாக மாட்டி, ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறுகிற மாதிரி விடுங்கள், அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும்.

தண்ணீர் மாற்றுவதில் கோடையில் கவனம் வேண்டும். மாடி டேங்க் தண்ணீர் மத்தியானத்தில் கை வைக்க முடியாத சூடு, காலையிலும் 28க்குக் குறையாது, போர் தண்ணீரும் ஏறக்குறைய அப்படித்தான். விடியற்காலையில் பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு, மூடியுள்ள சுத்தமான கேன்களில் ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பாட்டில் போட்ட தெர்மாகோல் பெட்டியிலோ வைத்து, தொட்டி வெப்பத்துக்கு ஒரு டிகிரி முன்பின்னாக வந்ததும் ஊற்றுங்கள். ஒரே தடவையில் பாதியை மாற்றுவதைவிட ஐந்தில் ஒரு பங்காக அடிக்கடி மாற்றுவது இந்தக் காலத்துக்குச் சரி.

கரண்ட் போனால்? முழுதும் தெர்மாகோல் போட்ட 100 லிட்டர் தொட்டி மணிக்குத் தோராயமாக அரை டிகிரிதான் ஏறும், ஒன்றிரண்டு மணி நேரம் பயப்பட வேண்டியதில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தாலே போதும். ஏர் பம்ப்பை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். சில்லரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கோடை முழுக்க நான்கைந்து பாட்டில் ஃப்ரீசரில் உறைந்தே இருக்கட்டும்.

சூடு அதைத் தொட்டுவிட்டது என்பது எப்படித் தெரியும் என்றால், செவுள்கள் முன்பக்கமாக வளையும், வாலின் நுனி கொக்கி மாதிரி மடங்கும், மேலே போய் மிதக்கும், காரணமில்லாமல் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடும், தின்றதைக் கக்கும். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்துத் தெர்மாமீட்டரும் 24க்கு மேல் காட்டினால் தொட்டியோடு போராட வேண்டாம், விலங்கை மட்டும் இறக்குங்கள். புதிய தெர்மாகோல் பெட்டி ஒன்றில் குளோரின் நீக்கிய 10 லிட்டர் தண்ணீரைத் தொட்டியின் வெப்பத்திலேயே எடுத்து, மெல்ல அதற்குள் விட்டு, ஏர் ஸ்டோன் போட்டு, 200 மில்லி பாட்டில் ஐஸை மணிக்கு ஒன்றாக வையுங்கள், ஒவ்வொன்றும் 2 டிகிரி வரை இறக்கும், ஆகவே பாதி உருகியதும் எடுத்துவிடுங்கள். 18 வந்ததும் பிடித்து வையுங்கள். அங்கே ஃபில்டர் இல்லாததால் தினமும் முழுத் தண்ணீரையும் அதே குளிரில் மாற்ற வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் நீர்நில வாழ்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மீன் கடை மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள், மீன் தாங்கும் பல மருந்துகளை இதன் தோல் தாங்காது.

உணவு விஷயம் சுருக்கமானது: தண்ணீர் 22க்கு மேல் இருக்கும் நாளில் போடாதீர்கள். மற்ற நாட்களில் பெரியதற்கு வாரம் இரண்டு மூன்று தடவை மண்புழு போதும், தின்னாமல் மிச்சம் விட்டதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இன்னும் வாங்காமல் இதைப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஆக்சலாட்டல், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது, இயற்கை வாழிடத்தில் அழிவின் விளிம்பில் இருக்கிறது, இந்தியாவில் 2022ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்திய பிறகு இப்படிப்பட்ட வெளிநாட்டு விலங்கை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், வாங்கும்போதே அதற்கான காகிதங்களைக் கேளுங்கள். இரண்டாவது, கொளத்தூர் அலங்கார மீன் கடைகளிலோ வேறெங்கோ அதன் முகத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு அப்புறம் சில்லர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெறும் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் சில்லரை ஓட்டி, ஏப்ரல் மே வெயிலில் 18 நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நின்றால் மழைக்காலம் தொடங்கிய பின் விலங்கை வாங்குங்கள். நிற்கவில்லை, பெரிய சில்லருக்கும் வழியில்லை என்றால் வாங்காதீர்கள். பத்துப் பதினைந்து வருஷம் வாழக்கூடிய உயிர் அது.

வைத்திருப்பவர்கள் மே முடிந்ததும் சில்லரை அணைத்துவிட முடியாது. சென்னையில் டிசம்பர் பகலிலேயே 28, 29 டிகிரி வரும், வருஷம் முழுக்க ஓட வேண்டியதுதான். மாதம் ஒருமுறை அதன் காற்று வலையைக் கழற்றித் தூசி தட்டுங்கள், ஜனவரி பிப்ரவரியில் உள்ளே படிந்த அழுக்கைக் கழுவி, பைப் இணைப்புகளை இறுக்கி, சொன்ன வெப்பத்தில் நிற்கிறதா என்று தனித் தெர்மாமீட்டரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழுது இருந்தால் அப்போதே தெரிய வேண்டும், மே மாதம் மெக்கானிக் கிடைக்க ஒரு வாரம் ஆகும்.